எம்5 நட்டு ஏறுகிறது, ஆனால் இறுகவில்லை: பழைய ஆய்வகக் கருவிக்கு எந்த நட்டு?

நெல்லை இயற்பியல் எழுதியது:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய பள்ளியில் பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். அலமாரியில் பல வருஷம் பூட்டியே கிடந்த ஒரு போஸ்ட் ஆபீஸ் பாக்ஸை (மின்தடை அளக்கும் பழைய ஆய்வகக் கருவி) இந்த விடுமுறையில் வெளியே எடுத்தோம். தேக்குப் பெட்டி, மேலே கறுப்பு எபோனைட் பலகை, பித்தளைக் கட்டைகள், கூம்பு வடிவச் சாவிகள். பெயர்த்தகட்டில் லண்டன் என்று இருக்கிறது. துடைத்தபோது புதிதுபோல் மின்னியது. பிள்ளைகளுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பலகையைத் திருப்பிப் பார்த்தால், டெர்மினல்களின் அடியில் வயரைப் பிடிக்கும் நட்டு இரண்டு இடத்தில் இல்லை. ஆய்வக உதவியாளர் ஹார்டுவேர் கடைக்குப் போய் எம்4, எம்5, எம்6 (மெட்ரிக் மரை, எண் ஸ்க்ரூவின் விட்டம் மிமீயில்) என்று மூன்று அளவிலும் இரும்பு நட்டு வாங்கி வந்தார். எம்4 ஏறவே இல்லை. எம்5 விரலாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது. சரி, இதுதான் அளவு என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினோம். அரைச் சுற்று பிடித்தது, அப்புறம் சுற்றிக்கொண்டே போனது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பித்தளைத் தூள்.

இன்னொரு டெர்மினலுக்கு எம்5 நைலாக் நட்டு போட்டோம். அது இறுக்கமாகவே இருக்கிறது. ஆனால் சோதனை செய்தால் கால்வனாமீட்டர் முள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அந்த டெர்மினலைத் தொட்டாலே முள் நகர்கிறது.

நட்டு மட்டமானதா? ஸ்க்ரூவை நாங்கள் கெடுத்துவிட்டோமா? கடைக்காரர் வேறு "ஃபுல் நட்டா, செக் நட்டா, நைலாக்கா" என்று கேட்டிருக்கிறார். எதற்கு எது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

டூ வீலர் ஒர்க்‌ஷாப் எழுதியது:

மேடம், மரை வழுக்கிய இடத்தில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றிவிட்டு அதே நட்டைப் போட்டுப் பாருங்கள். பிடிக்கும். இல்லையென்றால் எம்5 டை போட்டு அந்த ஸ்க்ரூவில் புது மரை வெட்டிவிடலாம்.

கோவை டர்னர் எழுதியது:

டீச்சர், வணக்கமுங்க. தம்பி சொன்ன இரண்டையும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். டெஃப்லான் மின்சாரத்தைக் கடத்தாது. தண்ணீர்க் குழாய்க்கு அது சரி, டெர்மினலுக்கு ஆகாது. டை போடும் யோசனை ஏன் தப்பு என்று கீழே உள்ள அளவுகள் தெரிந்த பிறகு சொல்கிறேன்.

லண்டன் தகடு என்றதுமே எனக்கு ஒரு சந்தேகம். உறுதி செய்ய மூன்று அளவு வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் வெர்னியர் கட்டாயம் இருக்கும்.

முதலாவது, ஸ்க்ரூவின் வெளிவிட்டம். வழுக்கிய இடத்தில் அளக்காதீர்கள், தேயாத நுனியில் அளங்கள். இரண்டாவது, மரை இடைவெளி. ஒரு மரை முகட்டிலிருந்து பதினோராவது முகடு வரை அளந்து பத்தால் வகுத்தால் பிட்ச் வந்துவிடும். ஒற்றை மரையை அளந்தால் கை நடுக்கமே பிழையாகிவிடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மூன்றாவது, மிச்சமிருக்கும் பழைய நட்டு ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம்.

நெல்லை இயற்பியல் எழுதியது:

அளந்துவிட்டேன் ஐயா. மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். விட்டம் 4.66 மிமீ. பத்து மரைக்கு 8.1 மிமீ. பழைய நட்டின் அகலம் 8.2 மிமீ. எங்களிடம் உள்ள 8-9 ஸ்பேனரில் 8 நுழையவில்லை, 9 ஆடுகிறது. பிட்ச் 0.81 என்றால் எம்5-இன் 0.8 தானே? அப்படியானால் எம்5 நட்டு சரியாகத்தானே பொருந்த வேண்டும்?

கோவை டர்னர் எழுதியது:

சந்தேகமே இல்லை டீச்சர், அது 2 பிஏ. பிஏ என்றால் பிரிட்டிஷ் அசோசியேஷன். 1884-இல் அந்த அறிவியல் சங்கம் சிறிய ஸ்க்ரூக்களுக்கென்று பரிந்துரைத்த மரை. ஜெனீவாக்காரரான தூரி என்ற பேராசிரியர் அங்கத்திய கடிகார ஸ்க்ரூக்களை வைத்து வகுத்த முறையைத்தான் இங்கிலாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஆங்கிலேய மரையாக இருந்தும் அங்குலக் கணக்கு இல்லை, மில்லிமீட்டர் கணக்கு.

உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. 0 பிஏவின் பிட்ச் 1 மிமீ. அடுத்தது 0.9. அதற்கடுத்தது 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கியது, அதாவது 0.81. இப்படியே இறங்கிக்கொண்டு போகும். உங்கள் 2 பிஏ அந்த 0.81 தான். விட்டமும் பிட்ச்சிலிருந்தே வரும்: பிட்ச்சை 1.2 அடுக்குக்கு உயர்த்தி 6-ஆல் பெருக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், 4.66 வரும். அட்டவணையில் 4.7 என்று முழுமையாக்கிப் போட்டிருப்பார்கள். பழைய மீட்டர், டெலிபோன், ரேடியோ, ஆய்வகக் கருவி எல்லாவற்றிலும் 2 பிஏ, 4 பிஏ, 6 பிஏ இந்த மூன்றுதான் அதிகம் கண்ணில் படும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிட்ச் ஒன்றுபோல் இருக்க, ஏன் பிடிக்கவில்லை?

எம்5 நட்டின் கனம் சுமார் 4 மிமீ. அதற்குள் ஐந்து மரைதான். ஒரு மரைக்கு 0.01 மிமீ வித்தியாசம் என்றால் ஐந்துக்கு 0.05. அது ஒரு தடையே இல்லை, அதனால் நட்டு தடங்கல் இல்லாமல் ஏறிவிடுகிறது. விஷயம் விட்டத்தில் இருக்கிறது. எம்5 நட்டின் உள்துளை, மரை முகட்டுக்கு முகடு, ஏறக்குறைய 4.2 மிமீ. உங்கள் ஸ்க்ரூவின் வெளிவிட்டம் 4.7. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் பக்கத்துக்கு 0.25 மிமீ. ஆனால் 2 பிஏ மரையின் முழு ஆழம் 0.48-க்கு மேல். ஆக, மரையின் மேல் பாதியைத்தான் உங்கள் நட்டு தொட்டுக்கொண்டிருந்தது. அதுவும் முழுமையாக உட்காரவில்லை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை, பிஏ மரையின் கோணம் 47½ பாகை. சரிவு சரிவோடு படியாமல் ஓர் ஓரத்தில் மட்டும் உரசும். நட்டு இரும்பு, ஸ்க்ரூ பித்தளை. மரை ஓரம் ஒன்றில் மட்டும் பாரம் ஏறியதும் மென்மையான பித்தளை சீவிக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் பார்த்த தூள் அதுதான்.

நட்டு மட்டமானதில்லை. அது எம்5 ஸ்க்ரூவுக்கு நல்ல நட்டு.

டை விஷயமும் இதிலேயே அடங்கிவிட்டது. எம்5 டை வெட்ட வேண்டுமானால் கம்பி 5 மிமீ பக்கம் இருக்க வேண்டும். இது 4.7. வெட்ட உலோகமே கிடையாது. இருக்கிற பிஏ மரையும் சிதைந்துபோகும். எம்4-ஆகக் குறைக்கலாமா என்றால் பிஏ மரையின் பள்ளம் 3.7 மிமீ வரை இறங்கியிருக்கிறது. 4 மிமீக்குக் கடைந்தாலும் பழைய பள்ளத்தின் தழும்பு நிற்கும்.

நைலாக் ஏமாற்றியதுதான் எனக்கு வருத்தம். நைலாக் நட்டின் தலையில் ஒரு நைலான் வளையம் இருக்கும், மரை அதற்குள் புகும்போது இறுக்கிப் பிடிக்கும். அதிர்வில் நட்டு கழன்று போகாமல் இருக்கத்தான் அது. உங்கள் கையில் தெரிந்த இறுக்கம் அந்த நைலானின் இறுக்கம். கீழே உலோக மரைகள் முன்போலவே பாதி ஆழத்தில்தான் நிற்கின்றன. அதனால் வயரின் லக் (வயர் நுனியில் உள்ள உலோக வளையம்) அழுத்தமாக உட்காரவில்லை, தொட்டால் முள் நகர்கிறது. நட்டு சரியான மரையில் இருக்கும்போதுதான் நைலான் உதவிக்கு வரும்.

அடிப்படையையும் சொல்லிவிடுகிறேன், உதவியாளர் தம்பிக்குப் பயன்படும். மர ஸ்க்ரூ இறங்கும் மரத்தில் தன் மரையைத் தானே போட்டுக்கொள்ளும். மெஷின் ஸ்க்ரூ அப்படியில்லை. மரை போட்ட இடம் முழுக்க ஒரே கனம், எதிரில் ஏற்கெனவே வெட்டிய ஜோடி மரை ஒன்று வேண்டும். அந்த ஜோடி மரைக்குத்தான் நட்டு என்று பெயர். ஜோடி என்றால் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்: விட்டம், பிட்ச், கோணம்.

நான் வேலை பழகியது ஒரு நூற்பாலை ஒர்க்‌ஷாப்பில். இங்கிலாந்து ஓல்டாமில் செய்த பழைய மெஷின்கள். எல்லாம் விட்வொர்த் மரை, அதாவது பழைய ஆங்கிலேய அங்குல மரை, 55 பாகை. கடையில் இரண்டு நூல் போல்ட்டு என்று வாங்கி வருவோம், அதாவது கால் அங்குலம். அமெரிக்க மரையிலும் கால் அங்குலத்துக்கு அங்குலத்தில் 20 மரை, விட்வொர்த்திலும் 20 மரை. ஏறிவிடும். அதே பழக்கத்தில் அரை அங்குலத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வோம். விட்வொர்த் 12, அமெரிக்கன் 13. இரண்டு சுற்றில் கவ்விக்கொண்டு நிற்கும். என் மேஸ்திரி புதுப் பையன்களிடம் ஸ்பேனரைக் கொடுக்கவே மாட்டார். முதல் மாதம் முழுக்க பிட்ச் கேஜ்தான் கையில். ஒரு டப்பா நிறையக் கலந்து கிடக்கும் நட்டுகளைக் கொட்டி, பிரித்து அடுக்கச் சொல்வார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு ஒரு நட்டைக் கையில் எடுத்து விரலால் இரண்டு சுற்று சுற்றினால் போதும், ஆட்டத்தை வைத்தே ஜோடி சேருமா சேராதா என்று தெரிகிறது. அவர் கொடுத்த விரல் அது.

கடைக்காரர் கேட்டதற்கு வருகிறேன். ஃபுல் நட்டு என்பது வழக்கமான ஆறு பட்டை நட்டு, பாரம் தாங்க அதுதான். செக் நட்டு மெலிந்தது, இன்னொரு நட்டோடு சேர்த்துப் பூட்டுவதற்கு. இதில் பாதிப்பேர் தலைகீழாகப் போடுகிறார்கள். மெலிந்தது முதலில், அதற்கு மேல் கனத்தது. மேல் நட்டை இறுக்கும்போது பாரம் முழுக்க அதற்குப் போய்விடும், அடியில் இருப்பது எதிர்த்திசையில் முட்டுக் கொடுத்து நிற்கும். பாரம் ஏந்துகிறவன் கனமாக இருக்க வேண்டும் அல்லவா? நைலாக் மோட்டார், கிரைண்டர் மாதிரி அதிரும் இடங்களுக்கு. சூடான இடத்தில் வேண்டாம், 120 பாகை செல்சியஸ் தாண்டினால் நைலான் தாங்காது. கழற்றிக் கழற்றி மாட்டினாலும் பிடி குறைந்துவிடும். அப்புறம் விரலால் திருகும் விங் நட்டு, நுனியை மூடும் டோம் நட்டு. சதுர நட்டு பழங்காலத்து மெஷின் ஸ்க்ரூக்களோடு வரும், இப்போதும் பிளாஸ்டிக் பள்ளத்தில் சுற்றாமல் உட்கார வேண்டிய இடங்களில் போடுகிறார்கள்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவில் எஸ்எஸ் நட்டை மிஷின் வைத்து வேகமாக ஏற்றாதீர்கள். உராய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு சொட்டு கிரீஸ், நிதானமான கை, அது போதும்.

உங்கள் பெட்டிக்குத் தேவை 2 பிஏ பித்தளை நட்டு. இரும்பு வேண்டாம். பித்தளைக்குப் பித்தளை, துருவும் பிடிக்காது. வழுக்கிய ஸ்டட்டும் (அந்த டெர்மினல் ஸ்க்ரூ) முழுக்கப் போய்விடவில்லை. எம்5 நட்டு மேல் பாதியைத்தான் சீவியது. சரியான 2 பிஏ நட்டு பள்ளத்தின் அடி வரை போகும், மிச்சமிருக்கும் கீழ்ப் பாதியைப் பிடிக்கும். முன்பிருந்த வலு வராது. டெர்மினலுக்கு அவ்வளவு வலு தேவையும் இல்லை.

வால்வு ரேடியோ எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பழைய வால்வு ரேடியோ பழுது பார்க்கிறவன். 4.7 பக்கம் விட்டம் வந்தால் இன்னும் இரண்டு மரைகளையும் மனதில் வையுங்கள். ஒன்று விட்வொர்த் 3/16, கடை பாஷையில் ஒன்றரை நூல். விட்டம் 4.76, ஆனால் அங்குலத்துக்கு 24 மரை, பத்து மரை அளந்தால் 10.6 வரும். பார்த்ததும் தெரிந்துவிடும். மற்றது அமெரிக்கக் கருவிகளில் வரும் 10-32. விட்டம் 4.83, அங்குலத்துக்கு 32 மரை, பிட்ச் 0.79. இதுதான் ஆபத்தானது. எம்5 நட்டு இதிலும் ஏறும், இதிலும் முழுப் பிடி கிடைக்காது. பெயர்த்தகட்டில் ஊர் பார்ப்பது அளப்பதற்குச் சமம்.

நட்டு கிடைக்கும் இடம்: இங்கிலாந்தில் மாடல் என்ஜின் செய்பவர்களுக்கான கடைகள் இன்றும் பிஏ நட்டு விற்கின்றன, ஆன்லைனில் வரவழைக்கலாம். தபால் செலவு நட்டைவிட அதிகம். நான் சென்னை பாரிமுனைப் பக்கம் பழைய ஹார்டுவேர் கடைகளில் கேட்டு வாங்கியிருக்கிறேன். மாதிரிக்குப் பழைய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோகவும்.

கோவை டர்னர் எழுதியது:

வெளிநாடெல்லாம் வேண்டாமுங்க. என்னிடம் 2 பிஏ டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) இருக்கிறது. 5/16 அங்குல ஆறுபட்டைப் பித்தளைக் கம்பியும் இருக்கிறது. 4 மிமீ துளை போட்டு, டேப்பை அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று இறக்கினால் நட்டு தயார். பித்தளைக்கு எண்ணெய்கூட வேண்டாம். கனமானது நான்கு, மெலிந்தது நான்கு செய்து பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன். காசு பற்றிப் பேசாதீர்கள். கம்பி 5/16 என்பதால் நட்டின் அகலம் 7.94 வரும், உங்கள் 8 ஸ்பேனர் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

போடும்போது லக், அதன்மேல் பிளெயின் வாஷர், பிறகு நட்டு. விரலால் முடிந்தவரை, அப்புறம் ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். எபோனைட் பழையது, அழுத்தினால் விரிசல் விடும்.

நெல்லை இயற்பியல் எழுதியது:

பொட்டலம் வந்துவிட்டது ஐயா. எட்டு நட்டும் ஒரு சின்ன எண்ணெய்த் தாளில் சுற்றி இருந்தது. உதவியாளர் ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நைலாக் போட்ட ஸ்டட்டில் மரை பெரும்பாலும் தப்பித்திருந்தது. ஒரே நட்டில் அழகாக நின்றது. வழுக்கிய ஸ்டட்டில் முதல் நட்டு பிடித்தாலும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. நீங்கள் சொன்னபடி மெலிந்ததை முதலில் போட்டு மேலே கனத்ததை வைத்துப் பூட்டினோம். மேல் நட்டு சீவப்படாத மரையில் உட்காருவதால் உறுதியாக நிற்கிறது.

நேற்று 2 ஓம் சுருள் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். விகிதம் 1000-க்கு 10 வைத்தபோது 201 ஓமில் முள் நடுவில் நின்றது, அதாவது 2.01 ஓம். டெர்மினலைத் தட்டினேன், ஆட்டினேன், முள் அசையவில்லை. விடுமுறையிலும் வந்திருந்த மூன்று மாணவிகள் பக்கத்தில் இருந்தார்கள். 0.9-இன் அடுக்குகளைக் கரும்பலகையில் எழுதி, 6-ஆல் பெருக்கும் கணக்கை அவர்களையே செய்யவைத்தேன். 4.66 என்று விடை வந்ததும் ஒருத்தி வெர்னியரை எடுத்துக்கொண்டு ஸ்க்ரூவை அளக்க ஓடினாள்.

மிச்சமிருக்கும் ஐந்து நட்டையும் பெட்டிக்குள்ளேயே ஒரு டப்பாவில் போட்டு, மூடியின் உள்பக்கம் "2 பிஏ பித்தளை, எம்5 போடக்கூடாது" என்று எழுதி ஒட்டிவிட்டோம்.

கோவை டர்னர் எழுதியது:

மனசு நிறைந்துவிட்டது டீச்சர். சாவிகளை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், கூம்பு தேய்ந்தால் திரும்ப வராது. பருத்தித் துணியால் துடைத்து, லேசாகத் திருகி அழுத்தி உட்காரவைக்கச் சொல்லுங்கள். 4 பிஏ ஏதாவது அகப்பட்டாலும் எழுதுங்கள், அதற்கும் டேப் இருக்கிறது.